ஐந்து பேருக்கு ஒரு வாடகை வீடு, ஏழு சாவி

மனநல மருத்துவமனையிலோ காப்பகத்திலோ பல வருஷம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு வீடு பிடிக்கிறீர்களா? கட்டில், பீரோ எல்லாம் பிறகு. முதலில் வாசல் பூட்டுக்குச் சாவி வெட்டுங்கள். ஐந்து பேர் இருக்கப் போகிறார்கள் என்றால் ஐந்து, பணியாளருக்கு ஒன்று, நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்க ஒன்று, ஆக ஏழு. பூட்டோடு மூன்று சாவிதான் வரும். மிச்சத்தை அன்றைக்கே வெட்டி வாங்கிவிட வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் சாவி பணியாளரின் இடுப்பிலேயே தங்கிவிடும். அப்புறம் அதற்கு வாடகை வீடு என்று பெயர் இருக்கும், உள்ளே நடப்பது வார்டுதான்.

சாவி விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஏர்வாடி நினைவிருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தபோது சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையும் தனியறையில் அடைப்பதையும் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, அவர்கள் சமூகத்தில் வாழ்வதற்கான இடைநிலை இல்லங்களையும் குழு வீடுகளையும் அரசு ஏற்படுத்த வேண்டும், அல்லது ஏற்படுத்துபவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். சென்னையில் 1993இல் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, அதில் நான்கைந்து பேர், அவர்களுக்குத் துணையாக நர்ஸிங் படிக்காத, அந்தப் பகுதிப் பெண்களே. கீழே சொல்வதெல்லாம் இந்த மாதிரி வீட்டை நடத்தும்போது தினமும் கையில் இடறுகிற சங்கதிகள்.

வீடு பார்க்கும்போது தரகரிடம் மூன்று நிபந்தனை சொல்லுங்கள்: இரண்டு கழிப்பறை, பத்து நிமிஷ நடையில் பஸ் நிறுத்தமும் மளிகைக் கடையும், காற்றோட்டமான சமையலறை. இரண்டு கழிப்பறை ஆடம்பரமாகத் தெரியும். இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாமல் ஐந்து பேரும் ஏழு மணிக்கு ஒன்றாக எழுகிற வீட்டில், அதிலும் ஒருவருக்குத் திரும்பத் திரும்பக் கை கழுவுகிற பழக்கம் இருந்தால், காலைச் சண்டையில் பாதி ஒற்றைக் கழிப்பறையால் வருவதுதான். குளியலறைத் தாழ்ப்பாள் அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பூட்டு உள்ள ஒரு பீரோ, அது முடியாவிட்டால் ஒரு டிரங்குப் பெட்டியாவது வேண்டும். நீண்ட நாள் வார்டில் இருந்தவர்கள் செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். அங்கே வெளியே விட்ட செருப்பு மறுநாள் இருந்ததில்லை. பூட்டுள்ள பெட்டி வந்த சில வாரங்களில் செருப்பு தானாக வாசலுக்குப் போய்விடும்.

இன்வெர்ட்டர் வாங்கப் பணம் இல்லையென்றால் வேறு எதையாவது குறையுங்கள். சித்திரை வெயிலில் இரவு கரன்ட் போனால் நமக்கு அது புழுக்கம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இரண்டு இரவு தூக்கம் கெட்டாலே போதும், மனம் வேகமெடுத்துவிடும்.

வீட்டு ஓனரிடம் எவ்வளவு சொல்வது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. மறைத்தால் பிறகு தெரியவரும்போது ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்வார். எல்லாவற்றையும் கொட்டினால் குடிவருபவர்களின் அந்தரங்கத்தை அவர்களைக் கேட்காமல் விற்றதாக ஆகும். நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது சட்டப்படி அவர்களின் உரிமை. "சிகிச்சை எடுத்துத் தேறிய ஐந்து பேர், கூட ஒருவர் இருப்பார், ஒப்பந்தமும் வாடகையும் எங்கள் பொறுப்பு, ஏதாவது என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. வாசலில் அமைப்பின் பெயர்ப் பலகை மாட்டாதீர்கள். தெருவில் விழிப்புணர்வுக் கூட்டம் போடவே போடாதீர்கள்; வராத சந்தேகத்தையும் அது வரவழைக்கும். மார்கழியில் வாசலில் ஒரு நல்ல கோலம் விழுந்தால் அடுத்த வீட்டு அம்மா தானே வந்து பேச்சுக் கொடுப்பார். பதிவு பற்றி ஒன்று: அமைப்பு நடத்தும் வீட்டை மனநல நிலையமாகப் பதிய வேண்டுமா என்பதை மாநில மனநல ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதில் அதிகாரி மாறியதும் மாறிவிடும்.

யாரோடு யார் என்பதை மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. 'பிரச்சினை பண்ணாத' ஐந்து பேரைப் பொறுக்கிக் குடிவைப்பதுதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. ஐந்து பேரும் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்துவிடுவார்கள், வீட்டில் ஒரு சத்தம் இருக்காது, மூன்று மாதத்தில் பணியாளருக்கே மனச்சோர்வு வந்துவிடும். சளசளவென்று பேசுகிற ஒருவர், சமையலில் ஆசை உள்ள ஒருவர், வெளியே சுற்றப் பிடித்த ஒருவர் கட்டாயம் வேண்டும். இரண்டு மூன்று சனி ஞாயிறு வந்து தங்கிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்று சொல்பவரை விட்டுவிடுங்கள், அடுத்த வீட்டுக்கு வருவார். ஐந்து பேரையும் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்காமல் முதலில் இருவர், இரண்டு வாரம் கழித்து மூன்றாமவர் என்று வரவிடுங்கள். ஆண்கள் வீடென்றால் பீடி, சிகரெட் எங்கே பிடிக்கலாம் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கூப்பிடும் விதமும் மாற வேண்டும். வார்டில் அறுபது வயதுக்காரரையும் 'ஏய்', 'வா', 'உட்காரு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். வீட்டில் வேலைக்கு வரும் இருபத்தைந்து வயதுப் பெண், மூத்தவர்களை 'அம்மா', 'அக்கா' என்றும் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' என்றும் கூப்பிட வேண்டும். வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் கவனிப்பது இதைத்தான். 'வார்டன்', 'மேட்ரன்' என்ற பெயர்கள் வேண்டாம்.

இனி மாத்திரை. மூன்று படியாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. முதல் படியில் பணியாளர் எடுத்துக் கொடுப்பார். இரண்டாம் படியில் ஏழு நாள் டப்பாவை ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவார்கள், அவர் தானே எடுத்துப் போட்டுக்கொள்வார். மூன்றாம் படியில் எல்லாம் அவர் கையில். மாதம் ஒருமுறை மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பதோடு சரி. நான்கு வாரத்தில் ஒன்றிரண்டு வேளைக்கு மேல் தவறவில்லை என்றால் அடுத்த படி. தவறினால் ஒரு படி இறங்கலாம், அதைத் தண்டனை மாதிரிச் சொல்லாதீர்கள்.

மாத்திரை நின்றுபோவதற்கு 'மனசு வரலை' என்பது எப்போதாவதுதான் காரணமாக இருக்கும். பெரும்பாலும் அற்பக் காரணங்கள். அரசு மருத்துவமனையில் ஒரு மாத மருந்து தருகிறார்கள், அடுத்த ஓபி நாள் பொங்கல் விடுமுறையில் விழுகிறது, நான்கு நாள் இடைவெளி. அதனால் எப்போதும் ஏழு நாள் மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். உதிரியாகக் காகித உறையில் போட்டுத் தருவார்கள், அல்லது மருந்துக் கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகும். அங்கேயே நின்று உறைமேல் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் நிறம். போன மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை கம்பெனி மாறி இந்த மாதம் மஞ்சளாக வந்தால், ஏற்கெனவே 'சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்' என்ற பயத்தில் இருந்து மீண்டவர் அதைத் தொடமாட்டார். டப்பாவில் போடுவதற்கு முன்னால் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் படித்துக் காட்டினால் போதும். தவறிய வேளைக்குச் சேர்த்து இரட்டையாகப் போடக் கூடாது.

இரண்டு மருந்துகளைப் பற்றி வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று லித்தியம், இருமுனைக் கோளாறுக்குக் கொடுப்பது. இதன் ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம், காலை மாத்திரை அதற்குப் பிறகு. இது தெரியாமல் மாத்திரை போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்து, அளவு ஏறித் தெரிந்து, தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பது நடக்கிறது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் சரி. வாந்தி பேதியோ, வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போட்டதோ இந்த அளவை ஏற்றிவிடும். திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ஏறும். கை சாதாரணமாக நடுங்குவது வேறு; டம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம், தள்ளாட்டம், குழறல், வாந்தி என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று குளோசபின், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது; சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். முதல் 18 வாரம் வாரத்துக்கு ஒருமுறை வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும், அதன் பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கு. தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே ரத்தம் பாருங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் தொடங்கவே கூடாது, திரும்ப 12.5 மில்லிகிராமிலிருந்து மருத்துவர்தான் ஏற்ற வேண்டும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் சொல்லிவிடுங்கள் என்று வெட்கம் போகும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவைக்க வேண்டும், குளோசபினில் மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம். புகை பிடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். நல்ல காரியம்தான், ஆனால் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். தூக்கத்தில் எச்சில் ஒழுகும். தலையணைமேல் ஒரு துண்டு விரித்துக்கொண்டால் தீர்ந்தது.

உட்கார முடியாமல் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்து 'நோய் கூடிவிட்டது' என்று மருந்தை ஏற்றச் சொல்லாதீர்கள். சில மருந்துகள் கால்களில் அப்படியொரு தவிப்பைத் தரும். "மனசு படபடக்குதா, காலு படபடக்குதா?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

சமையலறைதான் இந்த வீட்டின் பள்ளிக்கூடம். கஷ்டமும் அங்கேதான். ஐந்து பேருக்கும் பணியாளருக்கும் மாதம் ஐம்பது கிலோ அரிசி, ஐந்து கிலோ துவரம் பருப்பு, நாலைந்து லிட்டர் எண்ணெய், தினம் ஒன்றரை லிட்டர் பால் என்று ஆரம்பித்து இரண்டு மாதத்தில் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஓலான்சபின் போன்ற மருந்து பசியைக் கிளப்பி எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதற்காக ஸ்டோர் அறையைப் பூட்டாதீர்கள். தட்டில் பொரியலும் கீரையும் முதலில் விழட்டும், சோறு பிறகு. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து அவரையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

டீ போடக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தால் மொத்த வேலையும் புரியும். ஐந்து டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், மூன்றரை டம்ளர் பால், நான்கு ஸ்பூன் தூள். பதினைந்து வருஷம் அடுப்பைத் தொடாதவர் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றுவிடுவார். தூள் எந்த டப்பாவில் என்று தெரியும், எத்தனை ஸ்பூன் என்றும் தெரியும். போடச் சொல்லி யாராவது சொல்ல வேண்டும், அதற்காக நிற்கிறார். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படுக்கை என்று பழகிய உடம்பு அது. இங்கே பணியாளர் செய்யும் தவறு, 'தூள் போடுங்க' என்று சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "அடுத்து என்னங்கக்கா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பாதி சுண்டிப்போகும், போகட்டும். கை டப்பாவுக்குப் போகும். பால் பொங்கி வழிந்தால் துடைக்கத் துணி கொடுங்கள், அடுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். லித்தியத்தால் கை நடுங்குபவர் கொதிக்கிற பாத்திரத்தை இடுக்கியில் தூக்க வேண்டாம். கரண்டியால் மொண்டு ஊற்றட்டும்.

சமையல் முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினால் இரண்டு வாரம்தான் ஓடும். 'யார் இன்றைக்கு' என்பதை முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது பேசி முடிவு செய்கிற வீடுகளில் அது நிலைக்கிறது. ஒருவர் ஆறு மாதம் பாத்திரம் மட்டும் கழுவுவேன் என்றால் கழுவட்டும்.

பணத்தில் ஒரே விதி: வீட்டுச் செலவுப் பெட்டி வேறு, அவரவர் பர்ஸ் வேறு. கொஞ்சமானாலும் சரி, மாதம் ஒரு தொகை அவர் கையில் போய்ச்சேர வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது. முதல் மாதம் முழுவதும் வளையலுக்கும் பவுடருக்கும் போகும். பெண்கள் வீடென்றால் இன்னொரு வசதி: 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. பஸ் பழக்கம் திரும்ப வருவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. இரண்டு முறை கூடப் போங்கள், மூன்றாம் முறை அவர் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருங்கள், நான்காம் முறை வீட்டிலேயே இருங்கள்.

வெளியே போவதற்கு அனுமதி நோட்டு வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு மாட்டினால் 'கோயில், 6 மணி' என்று எழுதிவிட்டுப் போவார்கள், பணியாளரும் அதிலேயே எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் படம் வரையட்டும். வீட்டு விலாசமும் போன் நம்பரும் உள்ள சீட்டு எல்லார் பர்ஸிலும் இருக்கட்டும். ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, முதலில் எங்கே தேடுவது, யாருக்கு போன் செய்வது என்பதை அவர் நலமாக இருக்கும்போதே அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதே தாளின் மறுபக்கத்தில் 'எனக்கு முடியாமல் போகப்போகிறது என்பதற்கு அடையாளம்' என்று அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். பாடப்புத்தகச் சொற்கள் அங்கே உதவாது. 'ரேடியோவை நிறுத்துவேன்', 'ஒரே நைட்டியைத் துவைத்துத் துவைத்துப் போடுவேன்', 'டீக்கு வெளியே வரமாட்டேன்' என்பவைதான் பலனளிக்கும். கூடவே, எந்த மருத்துவமனை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரை அழைக்கக் கூடாது என்பதும். இதையே முறைப்படி முன்கூட்டிய உத்தரவாகவும் எழுதிவைக்க 2017 சட்டத்தின் 5ஆவது பிரிவு இடம் தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ள 14ஆவது பிரிவு. இரவில் ஆலோசனை கேட்க ஆள் இல்லாவிட்டால் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கட்டிலை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். திரும்பி வர இடம் இருக்கிறது என்று தெரிந்தால் தனக்கு முடியவில்லை என்பதை அடுத்த முறை சீக்கிரமே சொல்வார்.

மாற்றுத்திறன் சான்றிதழுக்குப் போகும் நாளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். தலை வாரி, நல்ல புடவை கட்டிவிட்டு, 'டாக்டர் கேட்டா நல்லாப் பேசுங்க' என்று சொல்லி அழைத்துப் போவோம். அங்கே அளவிடுவது தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதையும்தான். 40 சதவீதம் தொட்டால்தான் பெரும்பாலான உதவிகள். துணை இல்லாமல் அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை உள்ளது உள்ளபடி எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

பணியாளர் ஆரம்பத்தில் இரவும் பகலும் தேவை. இருவர் மாறி மாறி, ஆளுக்கு வாரம் ஒரு நாள் கட்டாய விடுமுறையோடு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து இரவுத் துணையைக் குறைக்கலாமா என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். முதல் தனி இரவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை: சிலிண்டர் வால்வை மூடத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும், போனில் சார்ஜும் பேலன்ஸும், டார்ச், சுவரில் பெரிய எழுத்தில் நம்பர்கள். இரவு ஒன்பதுக்கு ஒரே ஒரு முறை போன் செய்யலாம். திரும்பத் திரும்பச் செய்தால் உங்கள் பயம் அவர்களுக்குத் தொற்றும். காலை ஏழுக்குப் போகும்போது உங்கள் பையில் சாவி இருக்கும். அதை எடுக்காமல் பெல்லை அடித்துவிட்டு நில்லுங்கள். யாராவது வந்து திறக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.